விழுவதற்கு ஒரு தரை

பாத்திரம் விழும் சத்தத்துக்கும் மகன் விழும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், எந்த அறையில் இருந்தாலும் லாண்ட்ரி அக்காவுக்குத் தெரியும். பாத்திரம் விழுந்தால் உருண்டு, ஆடி, மெல்ல அடங்கும். அவன் விழுந்தால் ஒரே சத்தம்தான். அதற்குப் பிறகு குதிகால்கள் தரையில் அடித்துக்கொள்ளும்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, கறை பார்த்து, எது எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று ஒதுக்குவது அவருடைய வேலை. அதனால் எங்கள் வீட்டு வரிசையில் எல்லோருக்கும் அவர் லாண்ட்ரி அக்கா. கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அதிகம் பேசமாட்டார். பேசினால், பட்டறை இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவர் என்பதால், சாதாரணப் பேச்சே சண்டை மாதிரி இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மகன் மட்டும் கூடவே இருந்தான். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். பள்ளிக்கூடத்தில் நெட்டை என்று வைத்த பெயர் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

வலிப்பு அவனுக்குப் பள்ளிக்கூட நாட்களிலேயே வந்துவிட்டது. மாத்திரை கூடிக்கொண்டே போனது, வலிப்பு குறையவில்லை. படிப்பு நின்றது. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் சேர்ந்தான். ஒரு நாள் பேப்பர் வெட்டும் மிஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்தான். முதலாளி அவனைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிட்டு, "நல்ல பையன்மா. ஆனா என் கண்ணு முன்னால அவன் கை போயிடுச்சுன்னா நான் அப்புறம் தூங்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதோடு வேலைக்குப் போவதும் முடிந்தது.

அந்த வீட்டில் மேஜை முனைகளிலெல்லாம் கிழிந்த விரிப்புத் துணி சுற்றியிருக்கும். அடுப்புக்கு வெல்டர் கம்பிக் கூண்டு செய்து வைத்திருந்தார். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனால் நெட்டை பாட வேண்டும். பாட்டு நின்றால் அம்மா உள்ளே நுழைந்துவிடுவார். "பாட்டு மறந்து போச்சும்மா, அதான் நிறுத்தினேன், வெளிய போ!" என்று அவன் சோப்பு நுரையோடு கத்துவது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். நாங்கள் சிரித்திருக்கிறோம். அவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

அவனைத் தெருவில் விட முடியாது. நாள் முழுக்க நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கவும் அவனால் முடியாது. மிச்சமிருந்தது வீட்டின் பின்பக்கம். காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு அங்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். அந்த நடைதான் அவனுக்கு வேலை, ஊர் சுற்றல், சிநேகிதம் எல்லாம்.

அந்த இடம் சுத்தக் களிமண். எங்கள் வரிசையைக் கட்டியபோது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போக ஒப்பந்தக்காரருக்கு மனம் வரவில்லை. கடைசி வீடான அக்கா வீட்டின் பின்னால் கொட்டி, மேலே இயந்திரத்தை ஓட்டி மட்டமாக்கி, தோட்டம் என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். மழைக்காலத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெயில் காலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பின் விளிம்புகள் உடைந்த ஓடு மாதிரி இருக்கும். நெட்டையின் நெற்றியிலும் தாடையிலும் இருந்த தழும்புகள் பாதி அந்த விளிம்புகள் போட்டவை.

ஒரு மழைக்காலத்தில்தான் அது நடந்தது. மழை விட்டிருந்த நேரம் பார்த்து அவன் வெளியே வந்திருக்கிறான். அக்கா வேலையில். வெல்டர் பட்டறையில். என் மனைவி தைக்கிறவள், அவளுடைய மிஷின் இருக்கும் ஜன்னலிலிருந்து அவர்கள் பின்பக்கம் தெரியும். நிமிர்ந்து பார்த்தபோது ஆள் நடமாட்டம் இல்லை, ரேடியோ சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். குப்புற விழுந்து கிடந்தான். முகம் முழுக்க சேற்றுக்குள். நான் தோளைப் பிடித்துப் புரட்டும்போது சேறு விடமாட்டேன் என்று பிடித்திருந்து ஒரு சத்தத்தோடு விட்டது. மூக்கும் வாயும் அடைத்திருந்தன. என் மனைவி விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தாள்.

பிழைத்துக்கொண்டான். நெஞ்சில் சளி கட்டி, அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடி வார்டில் கிடந்தான். அக்கா பக்கத்தில் உட்கார லீவு கேட்கவில்லை. வேலை நேரம் முடிந்து மேலே போவார். ஒரு நாள் சலவைக்கு வந்த மூட்டையைப் பிரித்தபோது ஒரு விரிப்பில் மண் நிறத்தில் கறை இருந்ததாம். "சேறு இருமி இருமி வந்துக்கிட்டே இருந்திருக்கு. எம்புள்ள துணியை எனக்குத் தெரியாதா?" என்று என் மனைவியிடம் சொன்னார். அதை அவர் வேறு யார் தொட்டிக்கும் அனுப்பாமல் கையால் தேய்த்திருக்கிறார்.

அவன் வீடு திரும்பிய அன்றே வெல்டர் சொல்லிவிட்டார்: "சிமெண்ட் போட்டு மூடிடறேன். பட்டறைப் பசங்க நாலு பேர் வந்தா ஒரு நாள் வேலை."

"சிமெண்ட்டா? இவ்வளவு உசரத்துலருந்து விழறவன் சிமெண்ட்ல விழுந்தா மண்டை என்னத்துக்கு ஆகும்?"

"சேத்துல மூச்சு முட்டிச் சாகறதுக்கு அது தேவலை."

"ரெண்டுமே வேணாம்ங்க."

"அப்ப உள்ளயே வெச்சுப் பூட்டு!"

நெட்டை கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "கட்டிப் போட்டாலும் சரிதான்ப்பா. கயிறு மட்டும் கொஞ்சம் நீளமா விடுங்க" என்றான். வெல்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்கா மனதில் வேறொன்று இருந்தது. ஆஸ்பத்திரி முகப்பில் புல்தரை உண்டு. முன்பொரு தடவை டாக்டரைப் பார்க்க வந்தபோது நெட்டை அதில் விழுந்திருக்கிறான். வழக்கமாக விழுந்தால் ரத்தம் எங்கே என்றுதான் முதலில் தேட வேண்டியிருக்கும். அன்று வலிப்பு நின்று எழுந்தவனின் கன்னத்தில் ஒரு புல் இதழ் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அவன் விழாமல் இருக்க யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. விழுகிற இடத்தையாவது மாற்றலாமே என்று அக்காவுக்குத் தோன்றியது.

தோன்றிய பிறகு பொறுமை இல்லை. மழை முழுதாக ஓயும் முன்பே ஆரம்பித்துவிட்டார். களிமண் கெட்டி, மணல் பொலபொலப்பு, இரண்டையும் கலந்தால் நல்ல மண் வந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பூச்சுக்குச் சலித்த மணலை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஈரக் களிமண்ணில் கொட்டி, மண்வெட்டியால் புரட்டி, புரட்ட முடியாத இடத்தில் காலால் மிதித்து மிதித்துக் கலந்தார். வேலை விட்டு வந்ததும் முழங்கால் வரை சேற்றோடு நிற்பார். மேலே புல் விதையையும் தூவினார். முளைத்தது கொஞ்சம், அதுவும் ஊசி ஊசியாக நின்று மஞ்சளாகிப் போனது. வெயில் ஏறியதும் நிலம் இறுகியது. முன்பு வெடித்த மண் இப்போது வெடிக்கவும் இல்லை. கடப்பாரையைப் போட்டால் டங்கென்று திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில் அவருடைய அண்ணன் பார்க்க வந்தார். செங்கல் சூளையில் வேலை செய்து முதுகு வளைந்த மனிதர். பின்பக்கம் போய் ஒரு கட்டியை எடுத்துக் கையில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, எங்க வேலைக்கு வந்துடேன்."

"ஏண்ணே?"

"நாங்க இப்படித்தானே செய்வோம். ஈரக் களியில சன்ன மணலைப் போட்டு, ஏறி மிதிச்சு, காய விடுவோம். நீ செஞ்சு வெச்சிருக்கறது செங்கல்லு. நெருப்பு வெக்கறதுதான் பாக்கி."

தங்கையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். "செங்கல் ஆக்கத்தான் எனக்குத் தெரியும்மா. திருப்பி மண்ணாக்க எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் கிளம்பிப் போன சில நாட்களில் நெட்டை அதே இடத்தில் விழுந்தான். முன்பல் இரண்டு உடைந்தன. காது மடல் கிழிந்து தொங்கியது. தையல் போட்டு அழைத்து வந்த பிறகு வெல்டர் மனைவியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னார்.

"சிமெண்ட் வேணாம்னு சொன்னே. நீயே போட்டுட்டே."

அந்த வாரம் முழுக்க அக்கா சாப்பிட்டதாகவே என் மனைவிக்குத் தெரியவில்லை. மகன் பின்பக்கம் போகக் கூடாது என்று கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுவிட்டார். நெட்டை கூடத்தில் நடந்தான். சுவரில் போய் முட்டித் திரும்புவான், மறுபடியும் முட்டித் திரும்புவான். நடக்க முடியாத கோபத்தில் ஒரு நாள் ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பிறகு துண்டுகளைப் பொறுக்கி அவனே ஒட்ட வைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்ததாக அக்கா போனது ஆஸ்பத்திரிக்குச் செடி கொடுக்கும் நர்சரிக்கு. அதை நடத்துகிற அம்மாள் கறாரானவர். "கதை அப்புறம் சொல்லுங்க, முதல்ல ஒரு பிடி மண்ணு கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பினார். கொண்டுபோன மண்ணில் தண்ணீர் தெளித்து உள்ளங்கையில் உருட்டினார். விரல் நீளத்துக்குப் புழு மாதிரி நீண்டது, வளைத்தாலும் உடையவில்லை.

"சட்டி பண்ணலாம் இதுல. புல்லுக்கு மூச்சு விட இடமில்ல" என்றார். "மணலை மறந்துடுங்க. இந்த மண்ணுக்குத் தின்ன எதுவும் போட்டதில்ல நீங்க. சருகு, மக்கின சாணி, காய்கறிக் கழிவு, எது கிடைச்சாலும் போடுங்க. ஒரு கூடை ரெண்டு கூடை இல்ல, தரையே தெரியாத அளவுக்கு. ஜிப்சம் பொடி தரேன், தூவுங்க, இந்த மாதிரி களி இளகிக் கொடுக்கும். தண்ணி வெளிய போக ஒரு வழி வெட்டுங்க. முக்கியமா ஒண்ணு: ஈரமா இருக்கறப்ப மண்ணைத் தொடாதீங்க, அதுமேல நடக்காதீங்க. எல்லாம் கெட்டதே அதனாலதான்."

"எப்ப தொடறது?"

"கையில எடுத்துப் பிடிச்சா உருண்டையாகணும், தட்டினா உதிரணும். அந்தப் பதம் வர்ற வரைக்கும் சும்மா இருங்க."

"எவ்வளவு நாள்ல புல்லு வரும்?"

"இந்த வருஷம் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு அக்கா வெறுங்கையோடு வீடு திரும்பியதை நாங்கள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் பெருக்கும் சருகு, கேண்டீன் டீத்தூள் சக்கை, வழியில் கிடக்கும் சாணி எல்லாம் மூட்டையாக வந்தன. பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொண்டுபோய்ப் பின்பக்க மூலையில் குவித்து, தண்ணீர் தெளித்து, கிளறி மக்க வைத்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். "இடம் தாராளமா கிடைக்குது" என்பார்.

முதல் மழை பெய்து, ஓய்ந்து, மண் பதத்துக்கு வந்தபோது கட்டிலை நகர்த்திக் கதவைத் திறந்தார். நெட்டையும் வந்து நின்றான். தானும் செய்வேன் என்றான். கடப்பாரையைக் கொடுக்க முடியாது, மண்வெட்டியையும் கொடுக்க முடியாது, அவற்றின் மேல் விழுந்தால் தீர்ந்தது. கடைசியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அம்மா கிளப்பிப் போடும் கட்டிகளை உடைக்கச் சொன்னார். முட்டி போட்டிருந்தால் விழும் தூரம் குறைவு. அவன் நாள் முழுக்க அப்படியே தவழ்ந்து தவழ்ந்து கட்டி உடைத்தான். உள்ளங்கை கொப்பளித்தது. வேலை என்ற ஒன்று அவனுக்குக் கிடைத்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

"நான் நல்லபடியா விழறதுக்கு ஒரு குடும்பமே பாடுபடுது" என்று எங்களைப் பார்த்து, இல்லாத பற்கள் தெரியச் சிரித்தான்.

வெல்டர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தார். தண்ணீர் வெளியேறக் கால்வாய் வெட்டுவது அக்காவின் பலத்துக்கு மீறியதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டரே கடப்பாரையோடு வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், மேட்டிலிருந்து தெருச் சாக்கடை வரைக்கும் ஒரு கோடு வெட்டினார். உடைந்த செங்கல்லையும் ஜல்லியையும் நிரப்பி மூடினார். மாலையில் கை கழுவும்போது, "நீ கொட்டின மணல் இன்னும் அடியில பாறையா கிடக்கு" என்றார். அதை அவர் ஏற்கெனவே பெயர்த்துப் போட்டுவிட்டார் என்பதை அக்கா மறுநாள்தான் பார்த்தார்.

மக்கியதை முழங்கை ஆழத்துக்குக் கலந்தார்கள். ஜிப்சம் தூவினார்கள். பிறகு மண்ணைச் சும்மா விட்டார்கள். அதுதான் அக்காவுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பலகை போட்டு அதன் மேல் நின்று, மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார். தண்ணீர் தேங்கவில்லை. மறு பருவத்தில் இன்னொரு தடவை மக்கு உரம் கலந்தார்கள். அப்போது மண் நிறம் மாறியிருந்தது, மண்புழு வந்திருந்தது. "வாடகை குடுக்காத குடித்தனம்" என்றான் நெட்டை. வாரியால் மண்ணைச் சீவி இழுத்து, குதிகாலால் அழுத்தி மட்டமாக்கி, விதை தூவினார்கள். தூவியதும் அவன்தான். முட்டி போட்டபடியே.

புல் சீராக வரவில்லை. அங்கங்கே வழுக்கை இருந்தது. ஆனால் வந்தது. கால் வைக்கலாம் என்ற நிலை வந்ததும் அவன் ரேடியோவோடு இறங்கினான். அன்றே விழுந்தான். அக்கா ஓடினார். ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலிப்பு நிற்கும் வரை பக்கத்தில் இருந்தார். பிறகு நெற்றி, தாடை, காது எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. அவன் தலைக்கடியில் கை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதார். என் மனைவி மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வருஷம் அவன் எத்தனையோ தடவை விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தையல் போடப் போகவே இல்லை. முகத் தழும்புகள் வெளுத்தன. அக்கா வேலையிலிருந்து சாவகாசமாக வரத் தொடங்கினார். வெல்டர், "டேய், செருப்பில்லாம நட, புல்லு நசுங்குது" என்று சத்தம் போடுவார்.

ஒரு நாள் காலை அக்கா முதல் ஷிப்டுக்குக் கிளம்பியபோது அவன் போர்வைக்குள் குப்புறப் படுத்திருந்தான். மாத்திரை கூட்டியதிலிருந்து காலைத் தூக்கம் அதிகம். எழுப்ப வேண்டாம் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். வெயில் வந்த பிறகு வெல்டர் போய்த் தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே வலிப்பு வந்து போயிருக்கிறது. முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது.

வெல்டர் எங்கள் கதவைத் தட்டினார். அவ்வளவு பெரிய குரல் உள்ளவர், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார்.

நான்தான் சலவைக்கூடத்துக்குப் போனேன். நீராவியும் இரைச்சலுமாக இருந்த அந்தக் கூடத்தில் அக்கா விரிப்பு மலைக்கு நடுவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "விழுந்துட்டானா? அடிபடாதே, புல்லுதானே?" என்றார்.

பிறகு அவர் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம், போனவர்களிடம், மகளிடம், சூளை அண்ணனிடம். "தலகாணியை நான் நினைக்கவே இல்லையே. தரையைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன். தலகாணி ஒண்ணு இருக்கே, அதை நான் நினைக்கவே இல்லையே."

அவனை எடுத்த அன்று மழை. வந்த சனமெல்லாம் வீட்டுக்குள் இடமில்லாமல் பின்பக்கம் நின்றது. யாரையும் விலகச் சொல்லும் நிலையில் அந்த வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் போன பிறகு புல்லைக் காணோம், சேறுதான் தெரிந்தது. கால் தடங்களிலெல்லாம் தண்ணீர் நின்றது.

அக்கா வேலைக்குத் திரும்பினார். பின்கதவைப் பூட்டிவிட்டார், துணி காயப் போடக்கூட அந்தப் பக்கம் போவதில்லை. என் மனைவி பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கேன்" என்பதற்கு மேல் வாங்க முடியவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக வெல்டர் மட்டும் போவார். மிதிபட்ட இடங்களைக் கிளறிவிட்டு, மிச்சமிருந்த மக்கு உரத்தைப் போட்டு, புது விதை தூவினார். பதம் பார்க்கத் தெரியாது, பாதி வீணாயிற்று. ஆனாலும் விடவில்லை. திட்டுத் திட்டாகப் புல் மறுபடி பிடித்தது.

ஒரு சாயங்காலம் நான் மதில் பக்கம் போனபோது அவர் புல்லில் குப்புறக் கிடந்தார். கைகள் இரண்டும் உடம்புக்கு அடியில். மதிலைத் தாண்டிக் குதித்து, தோளைப் பிடித்துப் புரட்டப் போனேன்.

"ஒண்ணுமில்ல" என்றார், முகத்தைத் தூக்காமல்.

"அண்ணே, என்ன ஆச்சு?"

"சும்மாதான். அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு பார்த்தேன்."

அவருக்குப் பக்கத்திலேயே குந்தினேன். அப்போது பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பின்கதவைத் திறந்துகொண்டு அக்கா நின்றார். படி இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும், புல்லையும், வழுக்கைத் திட்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எந்திரிச்சு வாங்க" என்றார் கணவரிடம். "சாப்பாடு ஆறுது."